பட்டை கூட்டினால் பலம் கூடுமா?

 

2025ஆம் ஆண்டு ரமழானுக்கு முந்திய ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை ஸலாம் சொல்லி அருகில் வந்து நின்றார். படாளத்தில் நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர். சரக்கேற்றும் பிக்அப் வண்டி ஒன்றை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர். அந்த வண்டிக்கு வயது பதினான்கு.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும். வண்டிக்குப் பட்டை கூட்டலாம்னு இருக்கேன். மார்க்கத்துல தடை ஒண்ணும் இல்லையே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பட்டை கூட்டுவதற்கும் மார்க்கத்துக்கும் என்ன பாய் சம்பந்தம்?" என்றேன்.

"எஃப்.சி.க்குப் போகும்போது கழற்றி வெச்சுட்டு, வந்ததும் மறுபடி மாட்டிக்கணும்னு பட்டறையில சொல்றாங்க. அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

என் சிரிப்பு அடங்கிவிட்டது.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். லாரி, பிக்அப் போன்ற வண்டிகளின் பின்புறம், சக்கரத்துக்கு மேலே, வில்போல வளைந்த எஃகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பாரத்தைத் தாங்கிக் குலுக்கலை உள்வாங்கிக் கொள்வது அவற்றின் வேலை. அவற்றைத்தான் பட்டை என்கிறார்கள். வண்டி பழையதாகிப் பாரம் ஏற்றியதும் பின்புறம் தாழ்ந்துபோனால், உடைந்த லாரியிலிருந்து எடுத்த பழைய பட்டைகள் இரண்டையோ மூன்றையோ கூடுதலாகச் செருகி, நீளமான யூ போல்ட்டால் இறுக்கி விடுகிறார்கள். அதன்பின் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழாது, நிமிர்ந்தே நிற்கும். சில ஆயிரம் ரூபாயில் பழைய வண்டி பெரிய வண்டியாகிவிட்டதாக ஒரு நிம்மதி!

அவருக்கு அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் இருந்தது. செய்யூர், மதுராந்தகம் பக்கத்துத் தர்பூசணி மாசி, பங்குனியில் அறுப்புக்கு வரும். அவ்வாண்டு ரமழானும் மார்ச் மாதத்தில் வந்தது. நோன்பு திறக்கும் வேளையில் தர்பூசணி இல்லாத வீடு உண்டா? கோயம்பேட்டு வியாபாரி, ஒரு நடைக்கு இரண்டு டன் கொண்டுவந்தால் சீசன் முழுவதும் லோடு தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெரிய வண்டி வாங்குவதென்றால் கடன் வாங்க வேண்டும். கடன் என்றால் வட்டி. "வட்டிக்குள்ள கால் வைக்க மனசில்ல ஹஜ்ரத்" என்றார். ஹராமுக்கு அஞ்சித்தான் அந்த மனிதர் இந்த வழியைத் தேடியிருக்கிறார். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் அவரைப் பேராசைக்காரர் என்று யாரேனும் எண்ணிவிடக் கூடும்.

நான் கலைப் பாடம் படித்தவன். வண்டிச் சக்கரம் பஞ்சரானால் பிறர் முகத்தைப் பார்க்கிறவன். ஆதலால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று கூறி, மறுநாள் அஸருக்குப்பின் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மாற்று மதத்தவர் எனினும் எங்கள் மத்ரஸாவின் மின்விசிறிகள் அவர் தயவில்தான் சுழல்கின்றன. வண்டியின் கீழே குனிந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பாய், பட்டையை ஏத்துறீங்க. பிரேக்கை யார் ஏத்துறது?"

அதன்பின் அவர் சொன்னவற்றை என் அறிவுக்கு எட்டியபடி எழுதுகிறேன்.

ஒரு வண்டி தாங்கக்கூடிய பாரத்தைத் தீர்மானிப்பது பட்டை மட்டும் அன்று. அச்சு, சேசிஸ், சக்கர போல்ட், பேரிங், டயர், பிரேக் ஆகிய அத்தனையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் எது மிகவும் பலவீனமானதோ அதுவே அந்த வண்டியின் எல்லை. பட்டையைக் கூட்டுவதால் மற்றவற்றின் பலம் இம்மியும் கூடுவதில்லை. டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது 100 என்றிருந்தால், அந்த டயர் 800 கிலோ வரை தாங்கும் என்று பொருள். பின்னால் இரண்டு டயர் என்றால் 1,600 கிலோ. வண்டியின் சொந்த எடையில் பின் அச்சின் பங்கும் அதற்குள் அடக்கம். அதற்குமேல் ஏற்றினால் டயர் சப்பையாகி நெளிந்து நெளிந்து ஓடிச் சூடேறும். பங்குனி வெயிலில் தார்ச்சாலையின் சூடும் சேர்ந்துகொண்டால் அது எங்கே வெடிக்கும் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

இவற்றையெல்லாம்விட என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. பல பிக்அப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு சிறிய கம்பி. அதன் முனையில் பிரேக் எண்ணெயைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வு. பாரம் ஏறி வண்டியின் பின்புறம் தாழும்போது அந்தக் கம்பி அசைந்து, "பாரம் அதிகம்" என்று வால்வுக்குத் தெரிவிக்கும். வால்வு பின்சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டித் தரும். வண்டி காலியாக இருந்தால் குறைத்துத் தரும். பட்டையைக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி தாழாது. வண்டி காலியாக இருக்கிறது என்றே வால்வு எண்ணிக்கொள்ளும். எந்த நேரத்தில் பின் பிரேக் முழு வேகத்தில் பிடிக்க வேண்டுமோ, அந்த நேரத்தில் அரைகுறையாகப் பிடிக்கும். அந்த வண்டியிலும் அப்படியொரு கம்பி இருந்தது. பெரியவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

எஃப்.சி. அதிகாரியை மட்டுமே ஏமாற்றுவதாக நம்மவர் நினைத்திருந்தார். வண்டியையே அல்லவா ஏமாற்ற இருந்தார்!

"முதல்ல எடை போடுங்க, பிறகு பேசுவோம்" என்றார் பெரியவர். கரும்பு அரவைப் பருவத்தில் படாளம் சர்க்கரை ஆலையை நோக்கி மலைபோல் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்களையும் லாரிகளையும் பார்த்து வளர்ந்த ஊர் எங்களுடையது. எடை மேடை எங்களுக்குப் புதியதன்று. ஆனால் சொந்த வண்டியைக் காலியாக எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவருக்குப் பதினான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் காலி வண்டியின் எடை 1,600 கிலோ; பாரத்தோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,700 கிலோ. ஆகவே 1,100 கிலோ ஏற்றலாம் என்பது கணக்கு. எடை மேடை காட்டியதோ 1,790! கூடுதலாக உயர்த்திக் கட்டிய இரும்புப் பாடி, தலைக்கு மேலே கேரியர், தரையில் விரித்துப் பற்றவைத்த தடித்த தகடு, கருவிப் பெட்டி என்று 190 கிலோவை அவர் ஒவ்வொரு நடையும் கூலியின்றிச் சுமந்து கொண்டிருந்திருக்கிறார். உண்மையில் அவர் ஏற்றத் தகுந்தது 910 கிலோதான். ஏற்றிக் கொண்டிருந்ததோ 1,400 வரை. ஏற்ற நினைத்தது 2,000.

காலி எடையோடு 2,000 கிலோ சேர்ந்தால் 3,790. அனுமதித்த 2,700க்கு அது ஏறத்தாழ 1.4 மடங்கு. பிரேக்கின் பிடிப்பு அதே அளவில் இருக்குமானால், வண்டி நிற்க எடுக்கும் தூரமும் அந்த மடங்கில் நீளும். முப்பது மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி நாற்பத்திரண்டில் நிற்கும். அந்தப் பன்னிரண்டு மீட்டருக்குள் யார் இருப்பார்கள் என்பதே கேள்வி.

வீடு திரும்பும் வழியில்தான் அவர் வாய்திறந்தார். முந்திய மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேடந்தாங்கல் சாலை பிரியுமிடத்தில், பறவை பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பம் ஒன்று மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலைக்குள் ஏறியிருக்கிறது. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை. இவர் பிரேக்கை மிதிக்க, வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், அந்தப் பெண்ணின் சேலைத் தலைப்புக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருக்கிறது. இறங்கிப்போய் அந்த மனிதரைக் கண்டபடி திட்டினாராம். "தப்பு அவர்மேலதான்னு நினைச்சேன் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டு, அதன்பின் வீடு வரும்வரை அவர் பேசவில்லை.

அன்றிரவு நான் மத்ரஸாவில் ஓதிய கிதாபுகளைப் புரட்டினேன். ஒட்டகமும் கழுதையும் சுமந்த காலத்தில் நம் ஃபுகஹாக்கள் இந்த விஷயத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டு வியந்தேன். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் இமாம் மர்கீனானி (ரஹ்) எழுதிய 'ஹிதாயா'வில் இஜாரா, அதாவது வாடகைப் பாடத்தில் ஒரு மஸ்அலா வருகிறது. குறிப்பிட்ட அளவு கோதுமை ஏற்றுவதற்காக ஒருவர் பிராணியை வாடகைக்கு எடுக்கிறார், பேசியதைவிட அதிகம் ஏற்றுகிறார், பிராணி இறந்துவிடுகிறது. அத்தகைய பிராணி தாங்கக்கூடிய பாரமாக அது இருந்தால், எவ்வளவு கூடுதலாக ஏற்றினாரோ அந்த விகிதத்துக்கு மட்டும் ஈடு கொடுக்க வேண்டும். தாங்கவே முடியாத பாரமாக இருந்தால், பிராணியின் முழு விலைக்கும் அவரே பொறுப்பு. 'பேசிய அளவு', 'தாங்கும் அளவு' என்ற இரண்டு எல்லைகளையும் தனித்தனியே வரைந்திருக்கிறார்கள். இரண்டாவது எல்லையைத் தாண்டியவனுக்கு, கொஞ்சம்தானே கூட்டினேன் என்று சொல்லித் தப்ப வழியே இல்லை.

இன்னொன்று. பாக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள், சந்தையையும் வீதியையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்னும் அதிகாரியின் கடமைகளை எழுதும்போது, மூழ்கிவிடும் அச்சம் ஏற்படும் அளவுக்குக் கப்பலில் பாரம் ஏற்றுவதையும், பிராணிகளைத் தாங்க முடியாத வேலையில் ஈடுபடுத்துவதையும் தடுப்பதை அவற்றுள் சேர்க்கிறார்கள். அன்றைய முஹ்தஸிப் செய்த வேலையைத்தான் இன்று சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி எடை பார்க்கும் அதிகாரி செய்கிறார். அவரைக் கண்டதும் நமக்கு எரிச்சல் வருகிறது!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்ததும், அவர்கள் அதன் தலையைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரான இளைஞரை அழைத்து, பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்ததும் அபூதாவூதில் பதிவான செய்தி. இதை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரும்புக்குக் கண்ணீர் இல்லை. முறையிட வேண்டியது வந்தால் அது நெடுஞ்சாலையில், முன்னறிவிப்பின்றி, பட்டை முறிந்தோ டயர் வெடித்தோதான் முறையிடும்.

நான் கூறுவது ஃபத்வா அன்று. மூத்த உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் பள்ளிவாசல் படிக்கட்டில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கழற்றி வைத்துக் காட்ட வேண்டிய ஒன்றை மாட்டிக் கொள்ளாதீர்கள். மேலே காய்ந்த தானியத்தைப் பரப்பிக் கீழே நனைந்ததை வைத்திருந்த வியாபாரியின் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த வரலாறு நாம் அறியாததா?

நாட்டின் சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகப்படியை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். வெயிலில் இறக்கி வைத்த தர்பூசணியை யார் வாங்குவார்? விபத்து நேர்ந்தால், சான்றுக்கு மாறான வண்டி என்பதைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தகராறு செய்யவும் இடமுண்டு. "2018இல் அரசாங்கமே பாரத்தைக் கூட்டிவிட்டதே" என்று சிலர் வாதிடுகிறார்கள். அது லாரிகளின் அச்சுக்கான மேல் எல்லை. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆயிற்று. நம்முடைய பழைய பிக்அப்பின் புத்தகத்தில் எழுதியுள்ள எண்ணை அது தொடவே இல்லை.

அப்படியானால் பழைய வண்டியை ஒன்றுமே செய்யக் கூடாதா என்று கேட்டால், நிறையச் செய்யலாம் என்றார் பெரியவர். தளர்ந்துபோன பட்டைகளை எடுத்துவிட்டு, அதே எண்ணிக்கையில், அதே அளவில் புதியவற்றை மாட்டலாம். புஷ், ஷேக்கிள், யூ போல்ட் மாற்றலாம். பிரேக் லைனிங்கும் பேரிங்கும் புதுப்பிக்கலாம். தயாரிப்பாளர் சொன்ன அளவில், சொன்ன தாங்குதிறனுள்ள டயர் போடலாம். வண்டி பிறந்தபோது இருந்த பலம் திரும்பும். அத்தோடு, வேண்டாத இரும்பைக் கழற்றினால் அந்த எடைக்குச் சரக்கு ஏற்றலாம். நம்மவர் கேரியரையும் தடித்த தகட்டையும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டார். மறுபடி எடை போட்டபோது 1,640. இப்போது 1,060 கிலோ ஏற்ற அவருக்கு இடமிருக்கிறது.

எனினும் வியாபாரி கேட்டது ஒரு நடைக்கு இரண்டு டன் ஆயிற்றே! இரண்டு நடை என்றால் டீசலும் சுங்கமும் இரட்டிப்பு. இங்கேதான் அவருடைய இல்லத்தரசியின் கணக்கு நோட்டு உதவிக்கு வந்தது. வரவு செலவு எழுதிவைக்கும் நல்ல பழக்கம் அந்தச் சகோதரிக்கு உண்டு. என் மனைவியோடு அமர்ந்து அவர் கூட்டிப் பார்த்தபோது, முந்திய ஓராண்டில் பின் டயர்கள் இருமுறை மாற்றப்பட்டிருந்தன. பட்டை மூன்று தடவை முறிந்திருந்தது. அடிக்காய் வெடித்ததென்று வியாபாரி பிடித்தம் செய்த தொகையும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. உயர அடுக்கினால் கீழே உள்ள காய் நசுங்கும். பட்டையைக் கூட்டி வண்டி விறைத்துப் போனால் குலுக்கலில் இன்னும் வெடிக்கும். இதைப் பட்டறையில் யாரும் சொல்லவில்லை. எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரே நடையில் கிடைப்பதாக எண்ணிய மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. முழுவதும் கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். இரண்டு நடையில் லாபம் குறையத்தான் செய்தது. அந்த ரமழானில் அவர் தம் மச்சானின் வண்டியையும் சேர்த்துக்கொண்டு, ஆளுக்குப் பாதியாக ஸஹருக்குப்பின் புறப்பட்டுப் போய்வந்தார்கள். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு ஜோடித் துணிதான் எடுக்க முடிந்தது என்று அவர் சொன்னதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நம் மஹல்லாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி வாங்காதே என்று மிம்பரில் நாம் சொல்கிறோம். வட்டிக்கு அஞ்சி ஒருவர் நம் முன் நிற்கும்போது அவருக்குக் காட்ட நம்மிடம் என்ன வழி இருக்கிறது? பெட்டியில் நகையாகவும் புறநகரில் மனையாகவும் பணத்தை முடக்கி வைத்திருப்பவர்கள் நாலுபேர் கூடி, முஷாரகா முறையில் லாபத்திலும் நஷ்டத்திலும் பங்காளியாகி, அந்த உழைப்பாளிக்குத் தகுந்த வண்டி ஒன்றை வாங்கித் தர முடியாதா? இதை ஜும்ஆவுக்குப்பின் நான் பேசிப் பார்த்தேன். மூவர் முன்வந்தார்கள், ஒருவர் பின்வாங்கிவிட்டார். மீதி இருவரோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. சரக்கை அனுப்பும் வியாபாரிகளிலும் நம்மவர் பலர். "ஒரே நடையில் கொண்டுவா" என்று தொலைபேசியில் சொல்கிறவருக்கு, அந்த வண்டியின் பாரத்தின்மேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களைப் பற்றிய பொறுப்பு ஒன்றுமே இல்லையா? வாடகைக்கு எடுத்து அதிகம் ஏற்றியவரையே அல்லவா ஹிதாயா பிடித்துக் கேட்கிறது?

பட்டறையில் முன்பணம் கொடுத்து எடுத்து வைத்திருந்த நான்கு பழைய பட்டைகள் மிஞ்சின. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று கூறிவிட்டார்கள். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையோரம் போட்டிருந்தார். லாரிப் பட்டையின் எஃகு கத்திக்கு மிகவும் ஏற்றது என்று கொல்லர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு, விலைக்குப் பதிலாக இரண்டு கத்திகள் அடித்துக் கொடுத்தார். ஒன்று அவருடைய இல்லத்தரசியின் அடுப்படியில் இருக்கிறது. மற்றொன்றை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாலை என்னிடம் கொண்டுவந்து, தீட்டியது போதுமா என்று பார்க்கச் சொன்னார். மறுநாள் எங்கள் தெருவில் நான்கு வீட்டுக் குர்பானியை அந்தக் கத்தியால்தான் அறுத்தோம்.